ஏடிஹெச்டி உள்ள பிள்ளையும் குடும்பமும்: மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை புதூரில் இருக்கிறேன். என் மகனுக்கு ஏழு வயதில் ஏடிஹெச்டி, அதாவது வயதுக்கு மீறிய கவனக்குறைவும் துறுதுறுப்பும் அவசரமும், என்று தெரிந்தது. இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இதே நிலையில் இருக்கும் அப்பா அம்மாக்கள் சிலர் காந்தி மியூசியத்து மரத்தடியில் கூடிப் பேசுகிறோம். பிள்ளைகள் ஓட அங்கே இடம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதில்களை எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தும் அதன் அளவும் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை.

என் பையன் வெறும் சேட்டைக்காரனா, இல்லை இது ஏடிஹெச்டியா?

எல்லாப் பிள்ளைகளும் ஓடும், மறக்கும், குறுக்கே பேசும். டாக்டர்கள் அது எவ்வளவு, எத்தனை நாளாக என்று பார்க்கிறார்கள். கவனம் சம்பந்தமாக ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்பும் அவசரமும் சம்பந்தமாக ஒன்பது அறிகுறிகள் என்று இரண்டு பட்டியல் உண்டு. அவற்றில் ஒரு பட்டியலிலாவது ஆறு அறிகுறிகள், ஆறு மாதமாவது, அந்த வயதுக்குப் பொருந்தாத அளவில் இருந்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, டியூஷன் என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், அதனால் படிப்போ பழகுவதோ பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் மட்டும் அடம், பள்ளியில் எந்தக் குறையும் இல்லை என்றால் வேறு காரணத்தைத் தேடுவது நல்லது.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டிக்கொடுக்காது. மூளை மேப்பிங் எடுத்தால் தெரிந்துவிடும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பெற்றோரிடம் நிதானமாகக் கேட்பது, ஆசிரியர் நிரப்பித் தரும் படிவம், பழைய ரேங்க் கார்டில் உள்ள ரிமார்க், இவைதான் ஆதாரம். என் மகனின் யு.கே.ஜி. டைரியில் 'இடத்தில் உட்காருவதில்லை' என்று பதினோரு முறை எழுதியிருந்தது. டாக்டர் முதலில் வாங்கிப் படித்தது அந்த டைரியைத்தான்.

செல்போன் என்றால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறானே?

போனில் நொடிக்கு நொடி புதிதாக ஒன்று வருகிறது, ஜெயித்தால் உடனே பரிசும் வருகிறது. வாய்ப்பாட்டில் அது இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் உண்டு. அதைச் சலிப்பான ஒரு வேலையின் பக்கம் திருப்பி, அங்கேயே பிடித்து வைப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். "மனசு வச்சா செய்றானே" என்று இந்தப் போனைச் சாட்சியாக வைத்துத்தான் பல வீடுகளில் அடி விழுகிறது. நானும் அதைச் சொல்லி அடித்திருக்கிறேன்.

எதனால் வந்தது? நாங்கள் வளர்த்தது சரியில்லையா?

இல்லை. முதலில் இதை நம்புங்கள்.

குடும்ப வழியாக வருவதுதான் பெரும்பகுதி. பிள்ளைக்குப் பிள்ளை இதில் இருக்கும் வேறுபாட்டில் 70 முதல் 80 சதவீதம் மரபணுக்களால் வருவது என்று இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. உயரமும் கிட்டத்தட்ட இதே அளவுக்குக் குடும்பத்தில் வருவதுதான். குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த எடையில் பிறப்பது போன்றவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2007-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. மூளையின் மேலுறை அதன் முழுத் தடிமனை எட்டுவது மற்றப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை வயதில் என்றால், ஏடிஹெச்டி பிள்ளைகளுக்குப் பத்தரை வயதில் நடந்தது. இதைப் படித்த அன்றிலிருந்து என் ஒன்பது வயது மகனிடம் ஆறு, ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் பொறுப்பை மட்டுமே எதிர்பார்க்கப் பழகினேன். வீட்டில் பாதிச் சண்டை அதிலேயே நின்றது.

சர்க்கரை சாப்பிட்டதால் இது வராது. போனாலும் வராது, ஆனால் போன் தூக்கத்தைக் கெடுத்து, ஏற்கெனவே இருக்கும் அறிகுறிகளைக் கூட்டும். பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போய் மந்திரித்துத் தாயத்துக் கட்டியவர்கள் எங்கள் கூட்டத்தில் பலர். சாமி கும்பிடுவதில் ஒரு தவறும் இல்லை. டாக்டரைப் பார்ப்பதை மட்டும் அதற்காகத் தள்ளிப் போட வேண்டாம்.

மதுரையில் முதலில் யாரிடம் போக வேண்டும்?

பிள்ளையை வழக்கமாகப் பார்க்கும் குழந்தை நல மருத்துவரிடமே தொடங்கலாம். காது, கண், ரத்தசோகை, தைராய்டு, வலிப்பு, தூக்கத்தில் குறட்டை ஆகியவற்றை அவர் முதலில் பார்ப்பார். சரியாகக் காது கேட்காத பிள்ளையும் 'சொன்னதைக் கேட்காத' பிள்ளையாகத்தான் வீட்டில் தெரியும். அதன் பிறகு மனநல மருத்துவரிடம் போக வேண்டும், குழந்தைகளைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது. பனகல் சாலையில் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், மனநலப் பிரிவு இருக்கிறது. செலவில்லாமல் பார்க்கலாம். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது. அவர்கள் பார்க்கும் பட்டியலில் ஏடிஹெச்டியும் இருக்கிறது. அந்தக் குழுவிடம் சொன்னால் மேல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

சைக்கியாட்ரிஸ்ட் என்றால் மருந்து எழுதக்கூடிய டாக்டர். சைக்காலஜிஸ்ட் பரிசோதனையும் தெரபியும் செய்பவர், மருந்து எழுத மாட்டார். பலருக்கு இரண்டு பேருமே தேவைப்படும். முதல் நாள் போகும்போது நோட்டுப் புத்தகங்கள், ரேங்க் கார்டுகள், பள்ளி டைரி எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிள்ளை புது இடத்தில் ஒரு மணி நேரம் சமத்தாக உட்கார்ந்துவிடலாம். அதைப் பார்த்து, பொய் சொன்னதுபோல் ஆகிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம், டாக்டருக்கு அது தெரியும்.

தெரபி என்றால் வாரம் ஒருமுறை சென்டரில் விட்டு வருவதுதானே?

நானும் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்து, ஷேர் ஆட்டோவில் கூட்டிப் போய் வந்துகொண்டிருந்தேன். சென்டரில் நன்றாக இருப்பான், வீட்டுக்கு வந்தால் பழையபடிதான். அப்புறம் ஒரு சைக்காலஜிஸ்ட் என்னை உட்கார வைத்துப் புரிய வைத்தார். இந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பல் தேய்க்கணும், ஷூ போடணும், டைரி எழுதணும் என்று கேட்டால் ஒப்பிப்பான். தெரிந்ததை, செய்ய வேண்டிய அந்த நிமிடத்தில் அவனால் செய்ய முடியவில்லை. அப்படியென்றால் உதவியும் அந்த நிமிடத்தில், அந்த இடத்தில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சென்டரில் சொல்லிக்கொடுத்தது வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவனுக்குக் கை கொடுக்காது. ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் நெடுங்காலமாகச் சொல்லி வருவதும் இதைத்தான்.

அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் தெரபி பெற்றோருக்குக் கொடுக்கும் பயிற்சிதான். நான்கு, ஐந்து வயதில் மருந்துக்கு முன் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். நல்ல தெரபிஸ்ட் உங்கள் வீட்டுக் காலை நேரம் எப்படிப் போகிறது என்று நிமிடக் கணக்காகக் கேட்பார். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையோடு மட்டும் இருந்துவிட்டு, உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் அனுப்பினால், நீங்களே கேளுங்கள்: வீட்டில் இந்த வாரம் நான் என்ன மாற்ற வேண்டும்?

எங்கள் வீட்டில் மாறியதைச் சொல்கிறேன். 'சீக்கிரம் கிளம்பு' என்பதில் ஏழு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அதை அடுப்படியிலிருந்து கத்திச் சொல்வதை நிறுத்தினேன். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, அவன் முகம் என் பக்கம் திரும்பிய பிறகு ஒரே ஒரு வேலையைச் சொல்வேன். முடித்த பிறகுதான் அடுத்தது. ஏழு வேலைகளையும் படமாக வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டினோம். இந்தப் பிள்ளைகளுக்கு நேரம் போவது தெரியாது, 'பத்து நிமிஷம்' என்பது வெறும் சத்தம். அதனால் கண்ணுக்குத் தெரியும்படி முள் ஓடும் பெரிய கடிகாரம் ஒன்றை வாங்கி மாட்டினோம்.

பிறகு புளியங்கொட்டை. சொன்ன வேலையை முதல் தடவையிலேயே செய்தால் பாட்டிலில் ஒரு கொட்டை, அந்த நொடியே. 'ஷூவை எடுத்த இடத்தில் வச்சுட்டியே, நல்லது' என்று எதற்காகப் போடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து சேர்ந்தால் அன்றைக்கே ஏதாவது ஒன்று, அப்பாவோடு கேரம், தூங்கும் முன் கூடுதலாக ஒரு கதை. ஞாயிற்றுக்கிழமை ஜிகர்தண்டா வாங்கித் தருகிறேன் என்று திங்கட்கிழமை சொன்னால் அது அவனைப் போய்ச் சேராது. மூன்று வாரத்தில் அவனுக்குச் சலித்துவிடும். தோற்றுவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள், பரிசை மாற்றினால் போதும். தப்புச் செய்தால் அதற்கான தண்டனை சின்னதாகவும் உடனேயும் முடிந்துவிட வேண்டும். சேர்த்த கொட்டையைப் பிடுங்காதீர்கள். ஒருமுறை கோபத்தில் நான் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன், மறுபடி அவன் நம்புவதற்கு ஒரு மாதம் ஆனது.

ஹோம்வொர்க்கைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக வெட்டினோம். நடுவே மொட்டைமாடிக்கு ஓடிப் போய் வருவான். தரையில் படுத்து எழுதினாலும் சரி, நின்று எழுதினாலும் சரி. போன் அந்த அறையிலேயே இருக்காது, என் போனும் சேர்த்து.

ஆக்குபேஷனல் தெரபி, நியூரோஃபீட்பேக் (மூளை அலைகளைத் திரையில் காட்டிச் செய்யும் பயிற்சி), நினைவாற்றல் பயிற்சி, மூலிகை லேகியம்?

கையெழுத்து, பட்டன் போடுவது, சத்தம் தாங்காதது போன்ற சிக்கல் தனியாக இருந்தால் ஆக்குபேஷனல் தெரபி அதற்கு உதவும். ஏடிஹெச்டியையே அது மாற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மற்ற மூன்றுக்கும் ஆதாரம் பலமாக இல்லை. கடன் வாங்கிச் செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் வேர்க்க விளையாடுவது ஓரளவு உதவுகிறது. சிலம்பம், நீச்சல், கபடி, பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அது.

மாத்திரை கொடுத்தால் அடிமையாகிவிடுவானா? மந்தமாகிவிடுவானா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அம்மாக்களின் குரல் தணிந்துவிடும். நானும் ஐந்து மாதம் மாத்திரைச் சீட்டைப் பீரோவிலேயே வைத்திருந்தேன்.

அதிகமாகக் கொடுப்பது மெத்தில்ஃபெனிடேட். 1944-இல் கண்டுபிடித்த மருந்து, பல பத்தாண்டு அனுபவம் இருக்கிறது. ஆறு வயதுக்குக் கீழே பொதுவாகக் கொடுப்பதில்லை. முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். சாதாரண வகை நான்கு மணி நேரம் போல நிற்கும், நீண்ட நேர வகையும் உண்டு. பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருக்கு நல்ல பலன் தெரிகிறது. ஒத்துவராதவர்களுக்கு அடோமாக்ஸிடின் போன்றவை உண்டு. அது முழுப் பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது.

டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்ட பிள்ளைகள் பின்னாளில் போதைக்கு அதிகம் போனதாக ஆய்வுகள் காட்டவில்லை. மந்தமாக, பொம்மை மாதிரி ஆகிவிட்டால் அளவு கூடிவிட்டது என்று பொருள், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் உண்மையாகவே நடக்கும். வயிற்றுவலி, தலைவலியும் சிலருக்கு வரும். நாங்கள் மாத்திரைக்கு முன் காலையில் இட்லி வயிறு நிறையக் கொடுத்துவிடுவோம். மதியச் சாப்பாடு பாதி திரும்பி வரும், அதற்குச் சண்டை போடுவதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் நன்றாகப் பசிக்கும், அப்போது முட்டைத் தோசையோ பால் சோறோ கொடுப்போம். உயரம், எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு இவற்றை டாக்டர் தவறாமல் பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் இதய நோயோ திடீர் மரணமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மருந்து சட்டக் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைப்பது நல்லது.

மாத்திரையா தெரபியா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்து, 1999-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். துறுதுறுப்பும் கவனக்குறைவும் குறைவதற்கு, நன்றாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து தெரபியை விட அதிகம் உதவியது. இரண்டும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவும் மேம்பட்டது. மாத்திரை என் மகனை உட்கார வைத்தது. உட்கார்ந்த பிறகு கற்றுக்கொடுக்க வேண்டியதை நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம்.

பள்ளியில் சொல்லலாமா?

சொல்லுங்கள், ஆனால் வகுப்பாசிரியரிடம் தனியாக. பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னும் வேண்டாம். நோயின் பெயரை விளக்குவதை விட, மூன்று உதவிகளை எழுதிக் கொண்டுபோங்கள். முன் வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி இடம். டைரியில் எழுதிவிட்டானா என்று பெல் அடிக்கும் முன் ஒரு பார்வை. போர்டு அழிப்பது, நோட்டுகளை எடுத்துப் போவது என்று எழுந்து நடக்க ஒரு வேலை. எங்களுக்குக் கிடைத்த மூன்றாம் வகுப்பு மிஸ் இந்த மூன்றையும் செய்தார், அந்த வருடம்தான் அவன் பள்ளிக்குப் பாடிக்கொண்டு போனான்.

அதற்கு முன் இருந்த பள்ளி டி.சி.யை வாங்கிக்கொள்ளச் சொன்னது. எனக்கு அப்போது சட்டம் தெரியாது, அழுதுகொண்டே வாங்கி வந்துவிட்டேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. அடிக்கவும் கூடாது, மனம் நோகச் செய்யவும் கூடாது.

சான்றிதழ் பற்றியும் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 குறைபாடுகள் இருக்கின்றன, அதில் ஏடிஹெச்டி தனியாக இல்லை. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏடிஹெச்டி பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அதுவும் சேர்ந்தே இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறினால் அதற்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஆளும் கேட்க முடியும். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் எட்டு, ஒன்பதிலேயே தொடங்குங்கள்.

என் மகள் ஓடுவதில்லை, ஆனால் எப்போதும் கனவில் இருப்பதுபோல் இருக்கிறாள்.

பெண் பிள்ளைகளை இப்படித்தான் தவற விடுகிறோம். கவனக்குறைவு மட்டும் உள்ள வகை யாரையும் தொந்தரவு செய்வதில்லை, அதனால் ஆசிரியரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார். 'சோம்பேறி', 'மறதிக்காரி' என்று கேட்டுக் கேட்டு, பதினான்கு பதினைந்து வயதில் பயமும் மனச்சோர்வுமாக டாக்டரிடம் வருகிறார்கள். எங்கள் கூட்டத்தில் மூன்று பிள்ளைகள் அப்படி வந்தவர்கள். தாமதிக்காமல் காட்டுங்கள்.

"நாலு போடு போட்டால் சரியாகிவிடுவான்" என்கிறார் மாமியார். எப்படிச் சமாளிப்பது?

என் மாமியாரும் சொன்னார். "அவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்றார். அவரிடம் வாதாடுவதை விட்டுவிட்டு, ஒருமுறை கூடவே டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் "அத்தை, பார்வை குறைஞ்ச பிள்ளையை அடிச்சா போர்டு தெரியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து புளியங்கொட்டை போடும் பொறுப்பு அத்தையுடையது. எங்களை விடக் கணக்காக இருப்பார்.

அப்படியென்றால் என் கணவருக்கும் இது இருக்குமோ?

இருக்கலாம். பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெரியவர்களிடம் ஓட்டம் குறைந்து உள்ளுக்குள் பரபரப்பாக மாறிவிடும். வண்டிச் சாவி, கரண்ட் பில், பாதியில் நிற்கும் வேலை, யோசிக்காமல் வாங்கிய கடன், சட்டென்று வரும் கோபம். 17 வயதிலிருந்து ஐந்து அறிகுறிகள் இருந்தாலே போதும், ஆனால் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கும் மருந்து உண்டு, சிந்தனை நடத்தை சிகிச்சையும் உண்டு.

என் கணவருக்கு 41 வயதில் தெரிந்தது. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, பெரியாஸ்பத்திரி எதிரே டீயை வாங்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் நின்றார். பிறகு "எங்கப்பா கையால எவ்வளவு வாங்கியிருக்கேன்" என்றார். இப்போது பில் கட்டுவது என் வேலை, காய்கறியும் பள்ளிக்குக் கொண்டுவிடுவதும் அவருடையது. யாருக்கு எது முடிகிறதோ அதைப் பிரித்துக்கொண்டோம்.

எனக்கே தாங்க முடியவில்லை. யாரிடம் பேசுவது?

14416. டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல எண் இது, இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைக்காகத்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை, உங்களுக்காகக் கூப்பிடுங்கள். ஏடிஹெச்டி பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மனச்சோர்வு வருவது அதிகம். உங்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது வேறு யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம், கூடப் பிறந்த பிள்ளையை மறந்துவிடாதீர்கள். என் மகள் ஒருநாள் "நானும் சேட்டை பண்ணாத்தான் என்கூட உட்காருவியாம்மா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ராத்திரி இருபது நிமிடம் அவளுக்கு மட்டும்.

வளர வளரப் போய்விடுமா?

சிலருக்கு நன்றாகவே குறைகிறது. பலருக்குப் பெரியவர்களான பிறகும் ஓரளவு நிற்கிறது, சில வருடம் கூடும், சில வருடம் குறையும். வகுப்பு மாறும்போதும் விடுதிக்குப் போகும்போதும் மறுபடி உதவி தேவைப்படலாம்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகலாமா?

ஏப்ரல் வந்தால் எல்லோரும் கேட்பது இது. கூட்டிப் போங்கள், மதுரைப் பிள்ளைக்கு அழகரைக் காட்டாமல் இருக்க முடியுமா? ஆற்றில் இறங்கும் அன்று கூட்டமும் தூக்கம் இல்லாத இரவும் சின்னப் பிள்ளைக்குத் தாங்காது. அதனால் நாங்கள் முதல் நாள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் மூன்றுமாவடி எதிர்சேவைக்குப் போவோம். தூரத்திலேயே தெரியும் நிறத்தில் சட்டை, கையில் பேனாவால் போன் நம்பர். அவனை மட்டும் பார்ப்பதற்கென்று ஒரு பெரியவர், அவர் கையில் வேறு பை இருக்கக் கூடாது. எப்போது திரும்புவோம் என்பதை வீட்டிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புவோம், பிள்ளை சந்தோஷமாக இருக்கும்போதே திரும்பிவிடுவோம். அவனுக்குப் பத்து வயதில், சும்மா நிற்கச் சொல்வதை விட வேலை கொடுப்போமே என்று, வீட்டு வாசலில் நீர்மோர் ஊற்றிக் கொடுக்க வைத்தோம். ஐந்து வருடமாக அந்த வேலையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.